18-க்கு 18 தோல்வி: நியூகாசில் ரக்பி அணியும் ரசிகர்கள் கேட்காத கேள்வியும்

2023-24 சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் ரக்பியில் நியூகாசில் ஃபால்கன்ஸ் 18 ஆட்டம் ஆடியது. பதினெட்டிலும் தோல்வி. அடுத்த சீசனிலும் 18 ஆட்டம், அதில் 2 வெற்றி, மறுபடியும் கடைசி இடம். 2025 ஆகஸ்டில் ரெட் புல் நிறுவனம் அணியை வாங்கி, பெயரை நியூகாசில் ரெட் புல்ஸ் என்று மாற்றியது.

இங்கிலாந்து ரக்பியை நான் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். நம்ம ஊரில் இதைப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் அந்த ஊர் ரசிகர்கள் என்ன பேசுகிறார்கள் என்று படிப்பதும் கேட்பதும் பழக்கமாகிவிட்டது. தோற்கிற அணியின் ரசிகர்கள் ஜெயிக்கிற அணியின் ரசிகர்களைவிட நன்றாகப் பேசுவார்கள், அது எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான். ஆனால் நியூகாசில் விஷயத்தில், இவ்வளவு நல்ல விவாதமும் ஒரு முக்கியமான இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறதே தவிர உள்ளே போகவில்லை என்று எனக்குப் படுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ரக்பி பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 2024-25 வரை இங்கிலாந்தில் முதல் பிரிவின் பெயர் பிரீமியர்ஷிப், இரண்டாம் பிரிவின் பெயர் சாம்பியன்ஷிப். மேலே கடைசியாக வருபவர் கீழே இறங்க வேண்டும், கீழே முதலாக வருபவர் மேலே ஏறலாம். ஏட்டில் அப்படித்தான் இருந்தது. நடைமுறையில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதையே.

கொஞ்சம் பின்னணி

1877-இல் கோஸ்ஃபோர்த் என்ற பெயரில் தொடங்கிய கிளப் இது. அமெச்சூர் காலத்திலேயே 1976, 1977 என அடுத்தடுத்து இரண்டு வருஷம் இங்கிலாந்தின் கோப்பைப் போட்டியை ஜெயித்தது. 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் காசு வாங்கி ஆடும் விளையாட்டாக மாறியதும், நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியைக் கையில் வைத்திருந்த சர் ஜான் ஹால் இதையும் வாங்கினார். ராப் ஆண்ட்ரூ பொறுப்புக்கு வந்தார். கேரி ஆம்ஸ்ட்ராங், டாடி வியர், பாட் லாம், விகன் அணியிலிருந்து டுய்காமாலா என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1997-இல் முதல் பிரிவுக்கு ஏறிய அணி, ஏறிய முதல் சீசனிலேயே, 1997-98-இல், பட்டத்தைத் தட்டியது.

2001, 2004 ஆண்டுகளில் கோப்பை. நடுவில் 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்த ஜானி வில்கின்சன் அப்போது நியூகாசில் ஆட்டக்காரர். பள்ளி முடித்தவுடன் அங்கே போனவர், 2009 வரை இருந்தார்.

அதற்குப் பிறகு படிப்படியாக இறக்கம். 2012-இல் கீழ்ப் பிரிவுக்குப் போய் 2013-இல் திரும்பியது. 2017-18-இல் நாலாம் இடம் பிடித்து அரையிறுதி வரை வந்தது. அந்த சீசனில் நார்தாம்ப்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தை சொந்த மைதானமான கிங்ஸ்டன் பார்க்கை விட்டு செயின்ட் ஜேம்ஸ் பார்க் கால்பந்து மைதானத்தில் நடத்தியபோது 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆக, ஊரில் ஆர்வம் இல்லை என்ற சாக்கு எடுபடாது. அடுத்த வருஷமே, 2019-இல், மறுபடி இறக்கம். 2020-இல் மறுபடி ஏற்றம். பிறகு பட்டியலின் அடிவாரத்திலேயே குடியிருப்பு.

ரசிகர்கள் சொல்லும் காரணங்கள்

நான் கவனித்தவரை, வாதங்கள் மூன்று வகையில் அடங்கிவிடும்.

முதல் வகை, பயிற்சியாளரை மாத்து. 2022 தொடக்கத்தில் டீன் ரிச்சர்ட்ஸ் பொறுப்பில் இருந்தார். 2024 தொடக்கத்தில் ஸ்டீவ் டயமண்ட். நடுவில் டேவ் வால்டர், அலெக்ஸ் காட்லிங். இரண்டு வருஷத்துக்குள் நாலு பேர், நாலு விதமான ஆட்ட யோசனை. என் தொழிலில் இதற்குப் பெயர் ரீஸ்டார்ட். சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட் பண்ணுவோம், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி தொங்கும். மெமரி எங்கே ஒழுகுது என்று பார்க்காதவரை அதுதான் நடக்கும். பயிற்சியாளர்கள் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் அந்த இடத்தைப் பார்க்கணும் என்கிறேன்.

இரண்டாவது வகை, முதலாளி காசை அவிழ்க்கவில்லை. இதில் உண்மை நிறைய இருக்கிறது. பிரீமியர்ஷிப்பில் சம்பள உச்சவரம்பு உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அதை 50 லட்சம் பவுண்டாகக் குறைத்தார்கள், 2024-25-இல் 64 லட்சத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். நியூகாசில் அந்த வரம்புக்குக் கணிசமாகக் கீழேதான் செலவழித்தது. மற்றவர்கள் உச்சவரம்பைத் தொடும்போது நீங்கள் பாதி வழியில் நின்றால் மைதானத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனால் முதலாளியைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2011-இல் அணியை எடுத்த செமோர் குர்டி பத்து வருஷத்துக்கு மேல் நஷ்டத்தைத் தாங்கினார். அதே காலத்தில் 2022-இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-இல் லண்டன் ஐரிஷ் என்று மூன்று அணிகள் கடனில் மூழ்கி லீக்கை விட்டே போயின. 13 அணி 10 ஆனது. உச்சவரம்பு வரை செலவு செய்து மூடப்படுவதைவிட, கம்மியாகச் செலவழித்துத் தோற்பது மேல் என்று ஒரு முதலாளி முடிவெடுத்தால், கணக்குப்படி அவரைக் குறை சொல்வது சுலபமில்லை. அப்படி ஒரு முடிவை எடுக்க எது இடம் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வகை, ஊர் தூரம். இதையும் தள்ளிவிட முடியாது. வடகிழக்கு இங்கிலாந்தில் முதல் பிரிவு அணி இது ஒன்றுதான். பக்கத்து அணி என்றால் மான்செஸ்டர் பக்கத்து சேல், சுமார் 230 கிலோமீட்டர். எக்ஸிடர் ஆட்டத்துக்குப் போக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். வெளியூர் ஆட்டக்காரரை வரவழைப்பது கஷ்டம், உள்ளூர்ப் பையனைப் பிடித்து வைப்பதும் கஷ்டம். ஆனால் 1998-இலும் நியூகாசில் அதே இடத்தில்தானே இருந்தது? 2018-இலும் அங்கேதான் இருந்தது. தூரம் மாறாமல் இருக்க, முடிவு மட்டும் மாறியிருக்கிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ஒரே விதி, இரண்டு தீர்ப்பு

இங்கேதான் 2012-க்கும் 2024-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

2011-12 சீசனின் கடைசி நாள். நியூகாசில் கடைசி இடம், அதற்கு மேலே வாஸ்ப்ஸ். இரண்டு அணிகளும் நேருக்கு நேர். நியூகாசில் 14-10 என்று ஜெயித்தது. ஆனால் ரக்பியில் 7 புள்ளிகள் அல்லது அதற்குள் தோற்றால் தோற்றவருக்கும் ஒரு போனஸ் புள்ளி உண்டு. அந்த ஒற்றைப் புள்ளியில் வாஸ்ப்ஸ் தப்பித்தது. ஜெயித்தவர்கள் கடைசி, தோற்றவர்கள் அதற்கு மேலே.

கதை அங்கே முடியவில்லை. கீழ்ப் பிரிவில் ஜெயித்த லண்டன் வெல்ஷ் அணிக்கு முதல் பிரிவுக்கான மைதானத் தகுதி இல்லை என்று முதலில் மறுத்துவிட்டார்கள். நியூகாசில் தப்பியது போல இருந்தது. லண்டன் வெல்ஷ் மேல்முறையீடு செய்து, ஜூன் கடைசியில் ஜெயித்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கால்பந்து மைதானத்தை வாடகைக்கு எடுத்து முதல் பிரிவுக்கு வந்தது. நியூகாசில் இறங்கியது.

2024-க்கு வாருங்கள். 18-க்கு 18 தோற்ற நியூகாசில், கீழ்ப் பிரிவில் முதலாக வந்த அணியோடு இரண்டு ஆட்டம் மோதி இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. கீழே ஜெயித்தது ஈலிங் டிரெய்ல்ஃபைண்டர்ஸ். அவர்கள் மைதானம் 10,001 பேர் கொள்ளளவு என்ற நிபந்தனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. விண்ணப்பம் நிராகரிப்பு. மோதல் ஆட்டமே கிடையாது. 2025-இலும் ஈலிங்தான் ஜெயித்தது, அப்போதும் கதவு மூடித்தான் இருந்தது.

ஒரு சீசனில் கடைசி ஆட்டத்தை ஜெயித்தும் இறங்கினார்கள். இன்னொரு சீசனில் ஓர் ஆட்டமும் ஜெயிக்காமல் இருந்தார்கள். இரண்டு முறையும் நடுவில் நின்றது மைதானத் தகுதி என்ற அதே விதிதான்.

இப்போது விளைவைப் பாருங்கள். 2012-இல் இறங்கிய அடி நியூகாசிலை உலுக்கியது. புது நிர்வாகம், புது ஆட்கள், ஒரு வருஷத்தில் திரும்பினார்கள், திரும்பிய ஐந்தாவது சீசனில் நாலாம் இடம். 2024-இல் எதுவும் நடக்கவில்லை. லீக்கில் இடம் அப்படியே, லீக்கின் பொது வருமானத்தில் வரும் பங்கும் அப்படியே. முந்தைய சீசனிலிருந்து தொடர்ந்த தோல்வி வரிசை 2024 அக்டோபரில் எக்ஸிடரை வீழ்த்தும் வரை நீண்டது. தோல்வி என்பது ஓர் எச்சரிக்கை மணி. மணியை நிறுத்தி வைத்துவிட்டால் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம், புகை வருவதுதான் தெரியாது.

ரசிகர்களில் பெரும்பாலோர் 2024-இல் "அப்பாடா, தப்பிச்சோம்" என்றார்கள். அந்த நிம்மதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நியூகாசில் அன்றைக்குத் தப்பித்ததா, இல்லை தோற்பதற்கு விலை இல்லாத இடத்தில் சிக்கியதா என்பதை விவாதித்தவர்கள் ரொம்பக் குறைவு.

எதிர்வாதம் பலமானது

"இறக்கம் வேணும்னு சொல்றது உனக்கு ஈஸி. இறங்கியிருந்தா அணியே இருந்திருக்காது" என்பது எதிர்த்தரப்பு. நியாயமான வாதம். 2022-23-இல் சாம்பியன்ஷிப்பை ஜெயித்த ஜெர்சி ரெட்ஸ் நாலே மாதத்தில், 2023 செப்டம்பரில், காசில்லாமல் மூடிவிட்டது. முதல் இடம் பிடித்தவருக்கே அந்தக் கதி என்றால், மேலிருந்து விழுந்து வருகிறவர் எப்படிப் பிழைப்பார்? 2012-இல் நியூகாசிலோடு மாட்டிய இரண்டு அணிகளையும் பாருங்கள். மேலே வந்த லண்டன் வெல்ஷ் 2017 தொடக்கத்தில் தொழில்முறை ரக்பியை விட்டே போனது. ஒரு புள்ளியில் தப்பிய வாஸ்ப்ஸ் 2022-இல் போனது. அந்த மூவரில் முதல் பிரிவில் மிஞ்சியது, அன்றைக்கு இறங்கிய நியூகாசில் மட்டும்.

ஆனால் இந்த உதாரணங்கள் காட்டுவது இறக்கம் கொல்லும் என்பதை இல்லை. இறங்கும் இடத்தில் தரையே இல்லை என்பதைத்தான் காட்டுகின்றன. பிரான்சில் தரை இருக்கிறது. அங்கே இரண்டாம் பிரிவுக்கு 16 அணி, தொலைக்காட்சி ஒளிபரப்பு, கூட்டம் எல்லாம் உண்டு. 2009-இல் வில்கின்சன் நியூகாசிலை விட்டு எங்கே போனார்? தூலோனுக்கு. அந்த தூலோன் 2008-இல்தான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறியிருந்தது. 2013 முதல் 2015 வரை மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. பின்னால் பெரிய பணக்காரர் இருந்தார், அது உண்மை. ஆனால் கீழே இருந்த காலத்தில் சாகாமல் இருந்ததால்தான் பணக்காரர் வந்து சேர ஓர் அணி மிச்சம் இருந்தது.

அதனால் "இறக்கம் வேணுமா வேண்டாமா" என்ற சண்டையில் இரண்டு பக்கமும் பாதி சரி. கீழ்ப் பிரிவைக் காசில்லாமல் காய விட்டுவிட்டு, விழுந்தால் ஆபத்து என்று கதவைச் சாத்துவது, கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் பிள்ளைகளை வெளியே விடாதே என்று சொல்வது மாதிரி.

பெயர் போச்சு என்ற வருத்தம்

ரெட் புல் வந்தபோது விவாதம் வேறு பக்கம் திரும்பியது. ஃபால்கன்ஸ் என்ற பெயர் போய்விட்டதே, இது இனி நம்ம அணியா? ஓர் எனர்ஜி டிரிங்க் டப்பாவுக்குக் கைதட்டப் போறோமா?

இந்த வருத்தத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2005-இல் ரெட் புல் சால்ஸ்பர்க் கால்பந்து அணியை வாங்கியபோது பெயரை மாற்றியது, அதன் ஊதா நிறத்தையும் எடுத்தது. ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி, பழைய பெயரில், பழைய நிறத்தில் வேறொரு கிளப்பையே தொடங்கி அடிமட்டப் பிரிவிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் நியூகாசில் கணக்கு வேறு. ஃபால்கன்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கோஸ்ஃபோர்த்தாக இருந்த கிளப் 1990-இல் நியூகாசில் கோஸ்ஃபோர்த் ஆனது. ஹால் வாங்கிய பிறகு, 1996-இல்தான் ஃபால்கன்ஸ் வந்தது. அதாவது அதுவும் ஒரு பணக்காரர் வந்த கையோடு ஒட்டப்பட்ட பெயர்தான். முப்பது வருஷம் கத்திக் கத்தி ரசிகர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1996-இல் கோஸ்ஃபோர்த் பெயருக்காக வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? பெயருக்கு உயிர் கொடுப்பது ரசிகர்கள் என்றால், பெயர் மாற்றத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்க வேண்டும். அது என்ன என்பதுதான் நான் முதலில் சொன்ன, யாரும் உள்ளே போகாத இடம்.

அப்போ எதைக் கேட்கணும்?

வெளியேறியவர்களின் பட்டியலைப் பாருங்கள். டோபி ஃப்ளட் 2008-இல் லெஸ்டருக்கு. மாத்யூ டைட் 2009-இல் சேலுக்கு. 2024-இல் கை பெப்பர் பாத் அணிக்கு. 2025-இல் ஆடம் ராட்வானும் ஜேமி பிளாமையரும் லெஸ்டருக்கு. ராட்வான் சாதாரண ஆள் இல்லை, 2021-இல் கனடாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று டிரை வைத்தவர். பெப்பர் நியூகாசிலில் ஆடிய கடைசி சீசனில் லீக்கில் ஓர் ஆட்டமும் ஜெயிக்காத அணியின் ஆட்டக்காரர். பாத் போன முதல் சீசனிலேயே பிரீமியர்ஷிப் பட்டம், அதே 2025-இல் இங்கிலாந்து தேசிய அணியிலும் இடம். ஆள் அதே ஆள்தான்.

இதுதான் ஒழுகும் இடம். நான்கு பயிற்சியாளர், மூன்று முதலாளி, மூன்று பெயர் மாறியும் இது மட்டும் மாறவில்லை. நியூகாசில் ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது, இருபதுகளில் மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. தோற்கிற அணியில் இருந்தால் தேசிய அணியில் இடம் கிடைக்காது என்று பையன் போகிறான், பையன் போவதால் அணி தோற்கிறது.

இதில் இழப்பு அணிக்கு மட்டும் இல்லை. நார்தம்பர்லாந்திலோ டர்ஹாமிலோ ரக்பி ஆடும் பதினாறு வயதுப் பையனுக்கு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே போய்ச் சேரக்கூடிய ஒரே தொழில்முறை அணி இது. இது போனால் அவன் பெட்டி கட்டிக்கொண்டு மான்செஸ்டருக்கோ இன்னும் தெற்கேயோ போகணும். எல்லா வீட்டிலும் அப்படி அனுப்ப வசதி இருக்காது. அப்போது நாலைந்து வருஷத்தில் மைதானத்துக்குக் கூட்டம் குறைவது முதலில் தெரியாது, பள்ளிக்கூடங்களில் ரக்பி குறைவதுதான் தெரியும்.

ஆகவே, ரெட் புல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பதிலாக, என் பக்கத்திலிருந்து மூன்று அளவுகோல்.

ஒன்று, அகாடமியில் வளர்ந்தவர்களில் 23 வயதிலும் அணியில் இருப்பவர் எத்தனை பேர்? பட்டியலில் எந்த இடம் என்பதைவிட இந்த எண்ணை வருஷா வருஷம் குறித்து வைப்பது பயன். உலகத்தில் இருந்து ஆட்களை வாங்கி மூன்றாம் இடம் வந்து, இந்த எண் ஏறாவிட்டால், 1998 மறுபடி நடந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டம் வாங்கிய மறு வருஷமே, 1999-இல், ஹால் அணியை விற்றுவிட்டார் என்பதை நினைவில் வைக்கணும்.

இரண்டு, உரிமையாளர் போகும் நாளுக்கு ஏற்பாடு என்ன? எந்தப் பணக்காரரும் நிரந்தரம் இல்லை. மைதானமும் அகாடமியும் யார் பெயரில் இருக்கும், விற்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பதை, நல்ல காலத்திலேயே ரசிகர் அமைப்புகள் கேட்டுவிட வேண்டும். கெட்ட காலத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. வூஸ்டர் ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று, கீழ்ப் பிரிவுக்காகப் பேசுவது. முதல் பிரிவை ஒரேயடியாக மூடிய லீக் ஆக்கலாம் என்று 2025-லேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. பணம் வந்துவிட்ட நியூகாசில் ரசிகர்களுக்கு அது இப்போது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கம் இல்லாத லீக்கில் 18-க்கு 18 தோற்றால் எப்படி இருக்கும் என்பதை நேரில் அனுபவித்தவர்கள் அவர்கள்தான். மூடிய லீக் வேண்டும் என்று யாராவது சொன்னால், எழுந்து நின்று பதில் சொல்லும் தகுதி அந்த மைதானத்தில் அந்த இரண்டு சீசனும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு இருக்கிறது.

ரெட் புல்லின் பணம் அணியை மேலே கொண்டுபோகும் என்றுதான் நானும் நினைக்கிறேன். சம்பள உச்சவரம்பு இருக்கும் லீக்கில், வரம்பு வரை செலவழிக்க ஆள் வந்தாலே பாதி வித்தியாசம் தீர்ந்துவிடும். அதனால் அடுத்த சில வருஷம் ரசிகர்களின் பேச்சு சந்தோஷமாக மாறலாம். அப்படி மாறும்போது இந்த மூன்று கேள்விகளையும் கேட்க யாருக்கும் மனசு வராது. கேட்க வேண்டிய நேரம் அதுதான்.